வாக்கரும் ஃபுல்லரும்

ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்
மார்ச் 9, 1958

அன்புள்ள லெனார்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. அடிலெய்டில் நீயும் மாசமாக இருக்கும் ரோசலிண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அப்பாதான் சத்தமாகப் படித்தார், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாக்கர் என்ற நம் குடும்பப் பெயர் வேண்டாம், மாமனார் வீட்டுப் பெயரான ஃபுல்லரையே வைக்கப்போகிறேன் என்று நீ எழுதிய இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், மீதியை நான் படித்தேன். சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிகள் முன்னால் உன் மாமனார், "வாக்கர்னா நடக்கிறவன்னு நினைச்சீங்களா? அந்தக் காலத்துல நாறின மூத்திரத் தொட்டியில நின்னு கம்பளித் துணிய மிதிச்ச கூட்டம்யா அது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம், உனக்கு அவமானமாகிவிட்டதாம். ஏண்டா, மிதித்தது உண்மைதானே? மூத்திரத்தில் போட்டு மிதித்தால்தானே கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கு போகும், துணி இறுகும், குளிருக்குத் தாங்கும்? இந்த ஊரில் அது தெரியாதவர் யார்? அவர் சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. உன் அப்பாவின் முன்னோரைச் சொல்லிச் சிரிக்கும்போது வாயைத் திறக்காமல் ஆட்டிறைச்சி தின்றுகொண்டிருந்தாயே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

அப்புறம் அப்பா மில்லுக்குப் போனார், வந்தார், உன் கடிதத்தைத் தொடவே இல்லை. சனிக்கிழமை பக்கத்து வீட்டு மேபல் வந்தாள், தெற்கே சசெக்ஸிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஃபுல்லரா? அடக் கடவுளே, எங்க பக்கம் அதே தொட்டியில அதே துணிய மிதிச்சவனுக்குத்தான் ஃபுல்லர்னு பேரு! இங்க வாக்கர், அங்க ஃபுல்லர், நாத்தம் ஒண்ணுதான் ஆக்னஸக்கா" என்றாள். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "பாவம்டி, பையன் ஒரு தொட்டியிலேர்ந்து ஏறி இன்னொண்ணுல குதிச்சிட்டான், விட்டுடு" என்கிறார். நான் விடமாட்டேன். பிள்ளைக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வை, ஆனால் அதே மேஜையில், அதே ஆட்கள் முன்னால், ஃபுல்லர் என்றால் என்னவென்று உன் வாயால் சொல்லு. மாமனார் அப்போதும் சிரிக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுது.

ரோசலிண்டிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தன் அப்பா பேசியதற்கு அவள் எனக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள், பெற்ற பிள்ளை உனக்கு அது தோன்றவில்லை. கனமான எதையும் அவளைத் தூக்க விடாதே, மறந்துவிடாதே. அவளுக்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் என் முழு ஆசீர்வாதம். உனக்கு, பதிலைப் பார்த்துவிட்டு.

உன்னைப் பெற்றவள்,
ஆக்னஸ் வாக்கர்