பதினொரு இறால்களின் சீட்டு

இந்தக் கொப்பி யார் கையிலாவது கிடைத்தால் தயவுசெய்து மூடி வையுங்கள். வாப்பாவிடம் காட்ட வேண்டாம். இது மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட என் ராத்தாவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் எழுதுவது.

ராத்தா, உங்கள் மடிக்கணினியைத் திறந்தால் இன்னும் இறால் பண்ணைச் சேற்றின் வாடை வருகிறது. தொட வேண்டாம் என்று வாப்பா சொல்லியிருந்தார். தொட்டேன். பிழை செய்துவிட்டேன்.

கண்டக்குழிப் பண்ணைக்கு என்னையும் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? நீங்கள் மூன்று இறால்களைக் குப்பிகளில் போட, நான் சீட்டு எழுதினேன். "பென்சிலால எழுது புள்ள, பேனை மை ஸ்பிரிட்டுல கரைஞ்சிரும்." ஓர் இறால் என் விரலைக் குத்தியது. நான் கத்தியதில் பண்ணைக்காரர் ஓடி வந்தார். "ஒண்டுமில்ல நானா, இறாலுக்குப் புள்ளயக் கண்டு பயம்" என்று அந்த அண்ணனிடம் சொன்னீர்கள்.

பிறகு வேறு பண்ணைகளிலிருந்தும் எட்டு இறால்கள் சேர்த்தீர்கள். கம்பஸ் ஆய்வுகூடத்தில் அவற்றின் மரபணுக்களை எண்களாக்கி, ஓர் இறாலுக்கு ஒரு நிரலாக, மேலிருந்து கீழே ஓர் எண் வரிசையாகக் கணினிக்குள் வைத்தீர்கள். எந்தப் பண்ணை, வெள்ளைப் புள்ளி நோய் இருந்ததா என்பதையெல்லாம் குப்பிச் சீட்டுகளைப் பார்த்து எண்களோடு ஒட்டிவிட்டுக் குப்பிகளைக் கழுவிவிட்டீர்கள். கணினியில் ஒட்டியதையும் சீட்டு என்றுதான் சொல்வீர்கள். ஒன்றில், "புள்ளட விரலைக் குத்தினது இதுதான்" என்று இருந்தது.

"இதுல கொஞ்சத்த வெட்டி எடுத்தாலும் இடம் மாத்தி அடுக்கினாலும் எண்தான் வரும், சீட்டு வராது. முந்தியே சீட்டத் தனியா எடுத்து வச்சு, பொறகு ஒட்டணும்" என்று சொல்லித்தந்தீர்கள்.

"அப்ப இது மறதிக்காரக் கம்ப்யூட்டரா?"

"ஒன்னப் போலத்தான்."

நாளைக் காலையில் உங்கள் கூட்டாளி ஷிபானா வந்து கணினியை எடுத்துப் போகிறார். மிச்ச ஆய்வை முடித்து உங்கள் பெயரில் கொடுக்கப் போகிறாராம். அதற்கு முன் நம்முடைய மூன்றையும் எனக்கென்று பிரதி எடுக்க நினைத்தேன். நீங்கள் சொன்னதை மறந்து, அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, மற்ற எட்டையும் பின்னால் அடுக்கி, பழைய பெயரிலேயே சேமித்துவிட்டேன். திரும்பத் திறந்தபோது பதினொரு நிரல்களும் இருந்தன. ஒரு சீட்டும் இல்லை. வேறு பிரதியும் எங்கும் இல்லை.

ஷிபானா தொலைபேசியில் கேட்டார்: "எண் எல்லாம் சரியா இரிக்கா?"

"ஓம், எல்லாம் இரிக்கி."

அது பொய்யில்லை. ஆனால் எது நோயுள்ளது, எது இல்லாதது என்று தெரியாமல் அந்த எண்களை வைத்து அவரால் எதையும் எழுத முடியாது.

முன்னுக்கு வைத்ததால் நம்முடைய மூன்று மட்டும் எது எதென்று எனக்குத் தெரியும். இரண்டுக்கு நோய். குத்தியதற்கு இல்லை, "அதான் இவ்வளவு பலம்" என்றீர்கள். மற்ற எட்டுக்கும் நானே எதையாவது எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுதியும் பார்த்தேன். உங்கள் பெயருக்குக் கீழே என் பொய் நிற்கும் என்று நினைத்ததும் எட்டையும் அழித்துவிட்டேன்.

விரலில் அந்தச் சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதுவும் மூன்று சீட்டும்தான் என்னிடம் மிச்சம். அவற்றைத் திரும்ப ஒட்டிவிட்டேன். மற்ற எட்டுக்கும் ஷிபானாவிடம் என்ன

கதவு தட்டுகிறது. "லைட் எரியுது மகள், இன்னும் படுக்கல்லயா?" வாப்பாதான். ராத்தா, எட்டிலும் தெரியாது என்றுதான் எழு