நிறுத்த முடியாத கார்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

சித்தப்பாவின் கார் சில நாள் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும், சில நாள் அடம் பிடிக்கும். அன்றைக்குச் சித்தி ஸ்டியரிங்கைப் பிடிக்க, சித்தப்பாவும் நானும் பின்னாலிருந்து தள்ளுவோம். அவர் மகள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். என் வகுப்பில்தான் படிக்கிறாள், ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா! வண்டி உறுமியதும், "அப்பா, சீக்கிரம் ஏறுங்கப்பா!" என்று கத்துவாள். அவர் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார்.

"நிறுத்தினா மறுபடி படுத்துக்கும். நீ நடந்து வந்துடும்மா!" என்று உள்ளிருந்து எனக்குச் சொல்வார் சித்தப்பா.

பாப்பா பின் கண்ணாடி வழியாக டாட்டா காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு மட்டும் கூப்பிட்டதும் ஓடிவர அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

இன்றும் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன். இன்னொரு முறை தாமதமானால் அப்பாவோடுதான் வர வேண்டும், சித்தப்பா போதாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பயமாக இருக்கிறது. சித்தப்பாவிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். ஷூவின் அடி தேய்ந்துவிட்டது, வேறு ஒன்று வேண்டும்.

யாரோ எழுந்து வருகிறார்கள், முடிக்கிறேன். நாளைக்கு வண்டி கிளம்பவே கூடாது என்று சாமியிடம் வேண்டியிருக்கிறேன். அப்போது நீங்கள் வந்துதானே ஆக வேண்டும்?

உங்கள் மகள்