நீ அனுப்பிய நீலக் கோட்டு

லிஸ்பன்,
12 நவம்பர் 2004

அன்புள்ள ஹெல்டர் அண்ணாவுக்கு,

தங்கை வானியா எழுதுவது. நான் நலம். லக்ஸம்பர்க்கில் குளிர் தொடங்கியிருக்கும். கட்டட வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். போனில் எனக்கு வார்த்தை வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நான் இன்னும் பிரசெரஸ் கல்லறைத் தோட்டத்தில், எர்மெலிண்டா அக்காவோடுதான் வேலை செய்கிறேன். பணக்காரர்களின் கல்லறை வீடுகளைக் கூட்டித் துடைக்கிறோம். சவப்பெட்டிகளை மறைக்கும் லேஸ் திரைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு மாட்டுகிறோம். சுற்றுலாக்காரர் கூட்டம் அதிகம். போன வாரம் நான் ஒரு திரையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் படம் எடுத்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அக்கா ஓடிவந்து, "எடுக்காதீங்கம்மா, இவ இன்னும் உயிரோடதான் இருக்கா" என்றார்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவைக் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து செப்டம்பரோடு மூன்று வருடம் முடிந்தது. குழியைத் திறந்து எலும்பைச் சிறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். வயதுவந்த உறவினர் வந்து கையெழுத்திடாவிட்டால் பொதுக் குழியில் போட்டுவிடுவார்கள். இதைத்தான் இரண்டு முறை உனக்கு எழுதினேன். எனக்குப் பதினாறுதான். அக்கா தான் கையெழுத்துப் போடுவதாக வந்தார். என்ன உறவு என்று அலுவலகத்தில் கேட்டதும் "பக்கத்து வீடு" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து, "ஒரு பொய் சொல்லத் துப்பில்ல, எனக்கெல்லாம் எதுக்கு வாய்?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நேற்றுதான் அந்த நாள். புனித மார்ட்டின் திருநாள் என்பதால் தெருவில் செஸ்நட் கொட்டை வறுக்கும் புகை கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்தது. பத்து மணிவரை நான் வாசலிலேயே நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். பிறகு உள்ளே போனேன்.

குழி வெட்டும் பெல்மிரோ, "அந்தப் பக்கம் திரும்பி நில்லு பாப்பா" என்றார். நான் திரும்பவில்லை. மூடியைத் தூக்கியவர் அப்படியே நிமிர்ந்தார். "இந்த நைலானை எந்த மகராசி போட்டுவிட்டது? பருத்தி போடணும்னு ஒருத்தருக்குமா தெரியல? உள்ளே காத்தே போகல. உடம்பு இன்னும் எலும்பாகல" என்று கத்தினார். நான்தான் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அண்ணா, அது நீ முதல் சம்பளத்தில் அனுப்பிய நீலக் கோட்டு. உனக்கும் அம்மாவுக்கும் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு அம்மா உன் பெயரையே எடுக்கவில்லை என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெயரை எடுக்கவில்லைதான். ஆனால் கடைசி வாரம் முழுவதும், அந்தச் செப்டம்பர் வெயிலிலும், அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். வேர்க்கிறது, கழற்றும்மா என்றால், "எனக்குக் குளிருதுடி, உனக்கென்ன?" என்பார். அதனால் அம்மா போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. எனக்குப் பதிமூன்று வயது, நைலான் என்ன செய்யும் என்று தெரியாது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. மற்றதை எழுத மாட்டேன்.

எலும்பாகாததால் மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம். பருத்தி உடுத்தியிருந்தால் அம்மா நேற்று மாலையே பொதுக் குழிக்குப் போயிருப்பார். பெல்மிரோவும் அதைத்தான் சொன்னார்: "அந்தக் கோட்டு உங்கம்மாவைப் பிடிச்சு வச்சிருக்கு பாப்பா."

இரண்டு வருடத்தில் எனக்குப் பதினெட்டு. கையெழுத்தை நானே போடுவேன். அதற்காக நீ வர வேண்டாம். சவ அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்க மாட்டேன். எலும்புப் பெட்டி சின்னது, கனமே இருக்காது என்கிறார்கள். ஆனாலும் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்போல் இருக்கிறது.

கடவுள் உன்னைக் குளிரில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
வானியா