குளப்படியில் கூப்பிட்டவள்

நவம்பர் 6, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. லாட்ஜ் கவுண்டர் ஜன்னல் ஒழுகி ரிஜிஸ்டர் நனைந்துவிட்டது. ரூம் 4 காலி. ரூம் 9, கோயம்புத்தூர்க் குடும்பம், 5 பேர். நல்லெண்ணெய், சீயக்காய் வாங்கித் தர வேண்டும்.

மறுபடி அந்தப் பாட்டு. எதிர் டீக்கடையில் காலையிலிருந்து ஏழாவது தடவை. லாட்ஜில் ரூம் கூட்டும் செல்வி அக்காவுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

‘படியில நின்னு என் பேரச் சொன்னவளே, என்ன சொல்லக் கூப்பிட்ட?’

“யாருடி மலரு இவ? கூப்புட்டுட்டு மாயமா மறைஞ்சிருக்கா பாரு. திமிரு புடிச்சவ.”

டீக்கடைக்காரர் விடவில்லை. “அது பொண்ணே இல்லம்மா. அம்பாளப் பத்துன பாட்டு.” யூட்யூப்பில் ஒருவன் இருபது நிமிஷம் விளக்குகிறான். படி என்றால் வாழ்க்கையாம்.

படி என்றால் படிதான். நளன் குளத்து வடக்குப் படி. நின்றவள் நான். எழுதியவன் குமரன். நெடுங்காட்டுக் குமரன். பதினொரு வருஷம் ஆகிறது.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. கொசு. தலைவலி. டோலோ இரண்டு.

ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். காரைக்காலில் கம்ப்யூட்டர் கிளாஸில் பழக்கம். கட்டிக்கிறியா என்று கேட்டான். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை அவனுக்கு ஏழரைச் சனி கழிக்க அவன் அம்மா குளத்துக்குக் கூட்டிவந்தார். நான் படியில் காத்திருந்தேன். முழுகி எழுந்து, பழைய வேட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஏறினான். “குமரா” என்றேன். கால் ஒரு நொடி நின்றது. திரும்பவில்லை. போய்விட்டான்.

துணியை விட்டவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் விட்டது கூடவே வந்துவிடும். இதையே இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குச் சொல்கிறேன். இதே ஊரில் பிறந்தவள். அன்றைக்கு மட்டும் உறைக்கவில்லை. எனக்காகக்கூடவா திரும்ப மாட்டான் என்று ரோஷம். அன்றே சிதம்பரம், அக்கா வீடு. சிம்மை உடைத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து வந்தால், அவன் சென்னைக்குப் போய்விட்டிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது பாட்டின் இரண்டாவது சரணத்தில்தான் இருக்கிறது. அம்மாவைக் கோயில் வாசலில் உட்கார வைத்துவிட்டு, திரும்பாமலே, தெருத் தெருவாகச் சுற்றி எதிர்ப்பக்கமாக ஓடி வந்தானாம். படி காலியாம்.

வந்திருக்கிறான். ஐயோ, ஓடி வந்திருக்கிறான். நான் அந்நேரம் பஸ்ஸில்.

நவம்பர் 8, சனி

கூட்டம். பாத்ரூம் பைப் உடைந்து மேனேஜர் கத்தல். சாப்பாடு மூன்றரைக்கு.

செல்வி அக்கா கண்டுபிடித்துவிட்டார். “என்னடி, மூக்கு செவந்து கெடக்கு?” எல்லாம் சொன்னேன்.

“அடிப்பாவி! அது நீயா? நா வேற வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். போனப் போடுடி மொதல்ல.”

நம்பர் ஏது? நெட்டில் அவன் பக்கத்துக்கு மெசேஜ்தான் போட முடியும். பாட்டுக்குக் கீழே பார்த்தால் ‘அந்தப் பெண் நான்தான்’ என்று ஏகப்பட்ட பேர். ஒருத்தி போட்டோவோடு. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. நானும் மெசேஜில் எழுதினேன்: ‘வடக்குப் படி. மஞ்சள் சுடிதார். நீ சுற்றி வந்தது இப்போதுதான் தெரியும். பதில் பாக்கி இருக்கிறது. மலர்.’ கீழே என் நம்பர்.

“சம்மதம்னு சொல்லத்தான் கூப்புட்டேன்னு அதுலயே போட வேண்டியதுதானே?”

“வாயால சொல்லணும்க்கா.”

கல்யாணமானவன். ஒரு பெண் குழந்தை. எனக்கு அவன் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை அவனிடம் சேர்ந்தால் போதும்.

பொய். வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

பதில் இல்லை. கேஸ் புக் பண்ண. ரூம் 2 தலையணை உறை. பதில் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். பிற்பகல் மூன்று பத்துக்குப் போன். புது நம்பர்.

“மலரா?”

“ம்.”

“நீதான்னு தெரிஞ்சுது. மஞ்சள்னு பாட்டுல எங்கயும் இல்ல.”

குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. நல்லாருக்கியா, நல்லாருக்கேன்.

“உங்க வீட்டு வாசல்ல வந்து வந்து நின்னுருக்கேன் மலரு. ஊருக்குப் போயிருக்கான்னாங்க. எந்த ஊருன்னு சொல்லல. அப்பறம் மெட்ராஸ். அங்கயும் பைத்தியம் மாதிரிதான் திரிஞ்சேன். கடைசில பாட்டா எழுதுனேன். எழுதி முடிச்ச அன்னிக்குத் தூங்குனேன் பாரு, அப்புடி ஒரு தூக்கம். அதோட போயிடுச்சு.”

“அன்னிக்கு எதுக்குக் கூப்புட்டேன்னா…”

“வேணாம் மலரு, சொல்லாத. இப்ப அத வச்சுக்கிட்டு நா என்ன பண்ண?”

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். வச்சுடட்டுமா என்றான். சரி என்றேன்.

நிமிர்ந்தால் செல்வி அக்கா, கையில் வாளியோடு, முகமெல்லாம் சிரிப்பு.

“அவன்தானே? சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்க்கா” என்றேன்.