நந்தினி உருவாக்கிய கொள்ளிடம்

என் செல்லத் தம்பி ரகுவுக்கு,

நீ போனபோது நான்கு வயதாக இருந்த உன் மகள் இப்போது என் அறிவியல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் மட்டும் நான் "மிஸ்", வாசலைத் தாண்டினால் "அத்தை". பத்திரிகையில் வரும் கடிதம் என்பதால் அவள் பெயரை மாற்றி நந்தினி என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் நான்தான் வம்பை விலைக்கு வாங்கினேன். ஏஐயிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் இயக்கிப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்து வாருங்கள், எதை மாற்றினால் என்ன ஆகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். மற்ற பிள்ளைகள் ஊசல், சூரியக் குடும்பம் என்று செய்தார்கள். உன் மகள் கொள்ளிடத்தைச் செய்தாள்.

முதலில் ஏஐ சமமான தரையுள்ள ஓர் ஆற்றை வரைந்து கொடுத்ததாம். இவள் விடவில்லை. "மணல் அள்ளின பள்ளம் இருக்கும், மேல பார்த்தா தெரியாது" என்று எழுதித் திருத்தியிருக்கிறாள். இப்போது முழங்கால் தண்ணீரில் ஓர் உருவம் நடக்கிறது. அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம். தண்ணீரின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். உருவத்துக்கு நீச்சல் தெரியும், தெரியாது என்று மாற்ற ஒரு பட்டன்.

நேற்று சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, நீச்சல் தெரியும்னு போட்டா, எவ்வளவு வேகம் வச்சாலும் கரைக்கு வந்துடறாங்க. அப்ப அப்பா ஏன் வரல? வர இஷ்டமில்லையா?"

பொய்க்காரா, கொள்ளிடத்தை நீந்திக் கடந்தவன் என்று அவளிடம் எத்தனை கதை அளந்தாய்! காவிரியில் அம்மா மண்டபப் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவன்தானே நீ? உன் மனைவி கீதாவும் அந்தக் கதையையே சொல்லி அவளை வளர்த்திருக்கிறாள்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாதும்மா. சும்மா பெருமைக்குச் சொன்னான்" என்றேன்.

பட்டனை மாற்றினாள். உருவம் உள்ளே போனது, வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். அழவில்லை.

"தெரியாதவங்க எதுக்கு அத்தை அவ்வளவு தூரம் போனாங்க?"

என்ன சொல்லட்டும், ரகு? ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்குப் பயந்து அம்மா மண்டபத்தை விட்டுக் கொள்ளிடக் கரைக்குப் போனோம். கலந்த சாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். நீ ஓடினாய். அவளைத் தூக்கி என் பக்கம் தள்ளிவிட்டு நீ போய்விட்டாய். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று கீதாவும் நானும் வாய் திறக்கவில்லை.

அந்தத் திரையில் ஒரே ஓர் உருவம்தான் இருக்கிறது. இன்னொரு சின்ன உருவத்தையும் சேர் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால், விவரமில்லாமல் இறங்கிச் செத்த அப்பாவாகவே நீ அவளுக்கு நின்றுவிடுவாய். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்புறம் சொல்றேன்" என்று அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். இன்றும் வந்து கேட்பாள். நீயாக இருந்தால் ஒரு கதை அளந்து சமாளித்திருப்பாய். எனக்கு அதுகூட வராது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நான் சொல்லியோ, தானாகக் கண்டுபிடித்தோ, அந்தச் சின்ன உருவத்தை அவள் வரைகிற நாளில் அவளைத் தனியாக விடமாட்டேன்.

கரையில் அவளைக் கையில் வாங்கிக்கொண்ட,
உன் அக்கா