சேவல் பெட்டியும் மெழுகுவர்த்திப் பெட்டியும்

காக்ஸ் டவுன்
4-11-1951

அன்புள்ள மச்சான் யூஜினுக்கு,

இங்கே உங்கள் தங்கை டோரதி நலம். என் தொப்பை அவளைவிட நலம்.

நகரசபைக்குச் சுயேச்சையாக நிற்கிறீர்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சேவல் சின்னம் என்றதும் சிரித்துவிட்டேன். உங்கள் மர்பி டவுனும் எங்கள் தெருவும் சேர்ந்த வார்டில் பாதிப்பேர் நம் கோயில் ஜனம். சேவலைப் பார்த்தால், அது கூவுமுன் பேதுரு ஆண்டவரை மறுதலித்ததுதான் ஞாபகம் வரும். சாராயக்கடை நாராயணசாமியின் கட்சிக்கோ மெழுகுவர்த்தி. நிற்கிறவர் ஆளுக்கொரு ஓட்டுப்பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். எங்கள் தெரு மௌரீன் டீச்சர் சுவரில் மெழுகுவர்த்திப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

பேசாமல் விலகிவிடுங்கள். ஜனவரியில் என் மகள் பவுலின் கல்யாணம். தாய்மாமன் தோற்ற முகத்தோடு நிற்க வேண்டாம்.

ஆம்ப்ரோஸ்

மர்பி டவுன்
7-11-1951

மாப்பிள்ளைக்கு,

எங்கள் தெருக்குழாய்க்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் நான். நாராயணசாமி அலைந்தது வசூலுக்கு. ஜனங்கள் வேலையைப் பார்ப்பார்கள், படத்தை அல்ல. எல்லோரும் உம்மைப்போல் மூளையைத் தொப்பையில் வைத்திருக்கவில்லை.

உம் வீட்டு ஓட்டு இரண்டும் சேவலுக்கு விழ வேண்டும். சொந்தத் தங்கையே போடாவிட்டால் நான் யாரிடம் போய் ஓட்டுக் கேட்பது?

யூஜின்

காக்ஸ் டவுன்
16-12-1951

மச்சான்,

என் கேலியால்தான் தோற்றீர்கள் என்று கோயில் வாசலில் என் சட்டையைப் பிடித்தீர்கள். இருந்த ஒரு நல்ல சட்டை, பொத்தான் போயிற்று. என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால், உயிரோடிருந்த காலத்தில் உங்கள் அம்மாவை ஒரு தடவையாவது ஜெயித்திருப்பேன்.

நான் சேவலுக்குத்தான் போட்டேன். டோரதி மறைக்காமல் எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னது இது:

"பெட்டிக்கிட்ட போனதும் கால் நின்னுபோச்சு. அம்மா சாவும்போது கையில இருந்த மெழுகுவர்த்தி மாதிரியே இருந்திச்சி. அத்தத் தாண்டிப் போயி கோழிக்குப் போட மனசு வரல. நாராயணசாமி மூஞ்சி ஞாபகத்துக்கே வரல. அண்ணன் கோவிச்சிக்குமா?"

கோவித்துக்கொள்ளுங்கள், ஆனால் வாருங்கள். நீங்கள் மாலை போடாமல் பவுலின் கோயிலுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள்.

ஆம்ப்ரோஸ்

மர்பி டவுன்
20-12-1951

ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

அந்த மெழுகுவர்த்தியை ஏற்றி, அம்மாவின் விரல்களை அதைச் சுற்றி மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். டோரதி வந்து சேர்ந்தபோது அது அணைந்திருந்தது.

பவுலினுக்கு நாராயணசாமியை மாலை போடச் சொல்லுங்கள்.

யூஜின்