இருபத்தேழு ஊசித்துளைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, காரணம் கீழே. போனில் சொல்லலாம்தான். ஆனால் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். உனக்குத் தெரியாததா!

நான் செம்பில் அரித்துக் கொடுத்த உன் ஆண்டெனா தகடு செவ்வாய்க்கிழமை நம் பட்டறைக்குத் திரும்பி வந்தது. கூடவே உங்கள் அலுவலகக் காகிதம். நான்கு அலைவரிசைகளில் ஒன்று வேலை செய்யவில்லையாம், வடிவமைப்பிலேயே பிழையாம், இருபதாம் தேதிக் கூட்டத்தில் கைவிடப் போகிறார்களாம். பிழையை ஒப்புக்கொண்டு கீழே உன் கையெழுத்து. கடலில் விழுந்தவர் கரைக்குச் செய்தி அனுப்ப அவரின் மிதவைச் சட்டைக்குள் வைக்கிற தகடு அது. மூன்று வருடம் நீ அதற்காக உழைத்தது எனக்குத் தெரியும். மனசே ஆறவில்லை.

தகட்டைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில் 27 என்று எழுதியிருந்தது. ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவள் நீ ஒருத்திதான். என்ன கணக்கு என்று யோசித்தேன். உன் வரைபடத்தை அச்சடித்திருந்த பழைய ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்து எண்ணினேன். நான் கறுப்பு மையால் அடைத்த புள்ளிகள் இருபத்தேழு.

நடந்தது இதுதான். உன் முக்கோணத்துக்குள் ஒரு முக்கோண ஓட்டை, அதைச் சுற்றி மூன்று, பிறகு ஒன்பது, பிறகு கடுகு மாதிரி இருபத்தேழு. ஃபிலிமின் கறுப்பில் தவறுதலாக ஊசித்துளை இருந்தால் அமிலம் அந்த இடத்துச் செம்பைத் தின்றுவிடும். கண்டால் மை தொட்டு அடைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முப்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத்தான் செய்கிறேன். அந்தக் கடுகுகளும் ஊசித்துளைகள்தான், பிள்ளை அவசரத்தில் சரியாக அனுப்பவில்லை என்று நினைத்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருபத்தேழையும் அடைத்துவிட்டேன். அதிகப்பிரசங்கித்தனம்.

மறுநாள் காலை, அந்த மையைத் துடைத்துவிட்டு, எதையும் அடைக்காமல் இன்னொரு தகடு அரித்தேன். எதிர்க்கடை ரேடியோ மெக்கானிக், நீ 'கரகர மாமா' என்பாயே, அவர் தன் அளவுக் கருவியில் மாட்டினார். திரையில் கோடு ஓரிடத்தில் குழிந்து இறங்கியது; குழிந்தால் அந்த அலைவரிசை வேலை செய்கிறது என்று அர்த்தமாம். பிறகு இன்னோரிடம், இன்னோரிடம். நான்காவதும் இறங்கியது. "என்னங்க இது, நாலு ஆண்டெனா வேலைய ஒத்த ஆளா பாக்குது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். பெரிய முக்கோணம் நீண்ட அலையைப் பிடிக்கிறது, அதே முக்கோணம் சிறிதாகச் சிறிதாகக் குட்டை அலையைப் பிடிக்கிறது என்று விளக்கினார். தகடு உள்ளங்கை அகலம்கூட இல்லை! செம்பை எடுக்க எடுக்க அதற்குக் காது முளைக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எடுத்துவிட்ட செம்பின் இடமும் வேலை செய்யும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லையம்மா.

அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓட்டைய அடைக்கிற மனுஷனுக்கு ஓட்டை போடுற பொண்ணு" என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

நீ எண்ணிப் பார்த்திருக்கிறாய். அப்படியென்றால் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பட்டறைக்குக் கெட்ட பேர் வரும், அப்பா முகம் வாடும் என்றுதானே? நினைத்தால் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. காதைத் திருகவும் தோன்றுகிறது.

புதுத் தகட்டைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நடந்ததைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டையும் உன் மேலதிகாரியிடம் கொடு. என்னைக் காப்பாற்ற வேண்டாம். தண்ணீரில் தத்தளிக்கிற யாரோ ஒருவரின் குரல் கரைக்கு வந்து சேரட்டும். நீ கொடுக்கவில்லை என்று தெரிந்தால், கூட்டத்தன்று நானே வந்து வாசலில் நிற்பேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். தலை நிமிர்ந்து இரு, மகளே. நான் குனிந்தே வேலை பார்க்கிறவன், எனக்குப் பழக்கம்தான்.

உன் அப்பா